முழங்காலுக்குப் பின்னால் ஒரு பயறு: ஃபபெல்லா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் கடைசி வரியாக "ஃபபெல்லா காணப்படுகிறது" என்று இருக்கும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் காலையில் வந்து நிற்பவர்கள் உண்டு. நான் பிசியோதெரபி பார்ப்பவன். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்த வெள்ளைப் பொட்டைக் காட்டி, "இது இயல்பான அமைப்புங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபபெல்லா என்றால் என்ன? எங்கே இருக்கிறது?

கெண்டைக்காலில் கையை வைத்து நுனிக்காலில் எழும்பிப் பாருங்கள். பந்து மாதிரி திரளும் தசைக்கு மேல்பக்கம் இரண்டு தலைகள் உண்டு, உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. இரண்டும் முழங்காலைத் தாண்டி மேலே போய், தொடை எலும்பின் கீழ்முனையில் இருக்கும் இரண்டு குமிழ்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. வெளிப்பக்கத் தலை எலும்போடு சேரும் இடத்தருகே, தசைநாணுக்குள் பொதிந்தபடி சிலருக்கு ஒரு குட்டி எலும்பு இருக்கும். அதுதான் ஃபபெல்லா. லத்தீனில் "குட்டிப் பயறு" என்று பொருள். அரை சென்டிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டர் வரை இருக்கலாம், அதாவது தட்டைப்பயறு அளவிலிருந்து நல்ல மொச்சைக்கொட்டை அளவு வரை.

குமிழைப் பார்த்த பக்கம் கொஞ்சம் தட்டையாகவோ லேசாகக் குழிந்தோ இருக்கும். கால் நீட்டும்போது அந்தப் பக்கம்தான் குமிழின் மேல் போய் அழுந்துகிறது. வலி வருகிற சிலருக்கு அது எப்போது வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்.

இதை ஏன் "எள் எலும்பு" என்கிறார்கள்?

தசைநாணுக்குள் முளைக்கும் எலும்புகளுக்கெல்லாம் செசமாய்ட் எலும்பு என்று பொதுப்பெயர். செசமம் என்றால் எள். கட்டைவிரல் அடியில், பாதத்தில், முழங்காலில் என்று பல இடத்தில் இவை உண்டு. பெயர் வைத்தவர் பொடியானவற்றை மட்டும் மனத்தில் வைத்து வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கூட்டத்திலேயே பெரியது நம் முழங்கால் சில்லு. அது எள்ளுருண்டையை விடவும் பெரிது.

வேலை என்னவென்றால், கிணற்றுக் கப்பி செய்கிற வேலைதான். கயிறு கல்விளிம்பில் உரசாமல், இழுக்கும் கோணம் நமக்குச் சாதகமாக இருக்கும்படி கப்பி பார்த்துக்கொள்கிறது. சில்லு, தொடை முன்தசையின் தசைநாணை மூட்டிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்தி, குறைந்த பலத்தில் காலை நீட்ட உதவுகிறது. ஃபபெல்லாவும் கெண்டைக்கால் தசைக்கு அந்த மாதிரி ஏதோ கொஞ்சம் கைகொடுக்கலாம். ஆனால் அது இல்லாதவர்களும் அதே போல நடந்து, ஓடி, மாடிப்படி ஏறிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எனக்கு இருக்கிறது, என் தம்பிக்கு இல்லை. யாருக்குக் குறை?

யாருக்கும் இல்லை. சிலருக்குக் கன்னத்தில் குழி விழும், சிலருக்கு விழாது. அந்தக் கணக்குதான்.

எத்தனை பேருக்கு இது இருக்கும்?

இதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. சொல்கிறவர் எதை வைத்து எண்ணினார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். பாடப்புத்தகங்களில் பொதுவாக 10 முதல் 30 சதவீதம் என்று போட்டிருக்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் பெர்தோமும் உடன் ஆய்வாளர்களும் 2019-ல் ஒரு பெரிய வேலை செய்தார்கள். 150 வருடத்துக்கும் குறையாத காலத்தில் 27 நாடுகளிலிருந்து வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, 21,000-க்கும் மேற்பட்ட முழங்கால்களின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 1918 வாக்கில் உலகில் 11 சதவீதம் பேருக்கு ஃபபெல்லா இருந்தது, 2018-ல் அது 39 சதவீதம் என்பது அவர்கள் கண்ட முடிவு. நூறு வருடத்தில் மூன்றரை மடங்கு.

உடனே உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. அன்றைக்கு எக்ஸ்ரே சுமாராக இருந்திருக்கும், இன்றைக்கு ஸ்கேன் வந்துவிட்டது, அதனால் கூடியதாகத் தெரிகிறதோ? அதை அவர்களும் யோசித்திருக்கிறார்கள். உடலை அறுத்துப் பார்த்ததா, எக்ஸ்ரேயா, எம்.ஆர்.ஐ.யா என்ற வித்தியாசத்தையும் எந்த நாட்டுக் கணக்கு என்பதையும் கழித்துத்தான் அந்த எண்களைச் சொல்கிறார்கள். உடம்பின் மற்றச் செசமாய்ட் எலும்புகளை இதே போல எடுத்துப் பார்த்தபோது அவற்றில் இப்படி ஏற்றம் இல்லை என்பதும் அந்த ஆய்வில் உண்டு. என்னை ஒப்புக்கொள்ள வைத்தது அந்தப் பகுதிதான். கருவி மேம்பட்டதுதான் காரணம் என்றால் எல்லா எலும்பும் சேர்ந்து கூடியிருக்க வேண்டுமே.

இது தவிர, ஆசியர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு காலிலும் இருக்கும். ஒரு காலில் மட்டும் இருந்தால் அது வலதா இடதா என்பதில் பெரிய பாகுபாடு கிடையாது.

ஏன் கூடிக்கொண்டு போகிறது?

அந்த ஆய்வாளர்களின் யூகம் இது: போன நூற்றாண்டில் உலகின் பல பகுதிகளில் சாப்பாடு மேம்பட்டது, ஆட்கள் உயரமாகவும் கனமாகவும் ஆனார்கள். கீழ்க்கால் எலும்பு நீண்டது, கெண்டைக்கால் தசை பெருத்தது. முழங்காலுக்குப் பின்னால் விழும் இழுவையும் கூடியது. தசைநாணில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழும் இடத்தில் குருத்தெலும்பு தோன்றி, பிறகு எலும்பாக மாறுவது உடம்புக்குப் பழக்கமான காரியம்.

அதற்காக, பாரம் தூக்குபவர் எல்லோருக்கும் ஃபபெல்லா முளைத்துவிடாது. முளைப்பதற்கான இடம் மரபிலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். எலும்பாகக் கெட்டிப்படுவதற்கு உழைப்பும் வளர்ச்சியும் துணைசெய்யலாம். இரண்டும் சேர்ந்தால்தான் உண்டு. எக்ஸ்ரேயில் இது தெரிய ஆரம்பிப்பது பெரும்பாலும் 12 வயதுக்குப் பிறகுதான்.

"நாம் தரையில் குத்தவைத்து உட்காருகிறோமே, அதனாலா ஆசியர்களுக்கு அதிகம்?" என்று கேட்கிறார்கள். யோசிக்கத் தகுந்த கேள்வி. ஆனால் அதை நிரூபிக்கிற அளவுக்கு யாரும் கணக்குக் காட்டவில்லை. அதை வைத்துக்கொண்டு வீட்டுக் கழிப்பறையை இடித்து மாற்றிக் கட்ட வேண்டாம்.

கால்சியம் மாத்திரை அதிகமாகச் சாப்பிட்டதால் இது வந்ததா? கரைக்க மருந்து உண்டா?

இல்லை, இல்லை. இரண்டுக்கும் அதே பதில்தான். இது சிறுநீரகக் கல் மாதிரி எங்கோ படிந்த உப்பு கிடையாது. உள்ளே மஜ்ஜையும் வெளியே கெட்டி ஓடும் உள்ள உயிருள்ள எலும்பு. வாழைத்தண்டுச் சாறு குடித்தாலும் கரையாது, கால்சியத்தை நிறுத்தினாலும் தேயாது. டாக்டர் எலும்புப் பலத்துக்காக எழுதிக் கொடுத்த மாத்திரையை இந்தப் பயத்தில் நிறுத்திவிட்டு வந்த அம்மா ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

போன வருட ரிப்போர்ட்டில் இருந்தது, இந்த வருட ரிப்போர்ட்டில் இல்லை. மறைந்துவிட்டதா?

எலும்பு அங்கேயேதான் இருக்கிறது. ரிப்போர்ட்டில்தான் இல்லை. இதற்கு மூன்று நான்கு காரணம் உண்டு.

முதலாவது, படம் எடுத்த கோணம். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் ஃபபெல்லா முழங்காலுக்குப் பின்னால், தொடை எலும்பின் குமிழைவிட்டு ஒரு நூல் தள்ளி, தனியாக ஒரு வெள்ளை முத்து போலத் தெரியும். நேராக முன்னாலிருந்து எடுத்த படத்தில் அதே எலும்பு குமிழின் மேலேயே விழுந்து மறைந்துவிடும். உற்றுப் பார்த்தால் வெளிப்பக்கக் குமிழுக்குள் கொஞ்சம் அடர்த்தியான ஒரு வட்டம் தெரியலாம், அவ்வளவுதான். நேர்ப்படம் மட்டும் எடுத்திருந்தால் தவறிப்போவது சகஜம்.

இரண்டாவது, எதில் எடுத்தார்கள் என்பது. எலும்பாகாமல் குருத்தெலும்பாகவே இருக்கும் ஃபபெல்லா எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் தெரியலாம். மறுபக்கம், பொடி எலும்பாக இருந்தால் அதன் மஜ்ஜை சுற்றியுள்ள கொழுப்பைப் போலவே தெரிவதால் எம்.ஆர்.ஐ.யில் கண் தப்பி, எக்ஸ்ரேயில் பளிச்சென்று இருக்கும். அப்புறம், எழுதுகிறவர் பழக்கம். இயல்பான அமைப்புதானே, எதற்கு எழுதி நோயாளியைப் பயமுறுத்துவது என்று விட்டுவிடும் ரேடியாலஜி டாக்டர்களும் உண்டு. என் கட்சி என்னவென்றால், எழுதட்டும். ஆனால் "இயல்பான வேறுபாடு" என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதட்டும்.

"உள்ளே எலும்பு உடைந்து கிடக்கிறது" என்றார்கள். அது ஃபபெல்லாவாக இருக்குமா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பார்க்க வேண்டியது இடமும் விளிம்பும். ஃபபெல்லா வெளிப்பக்கத்தில், மூட்டுக்குப் பின்னால், எப்போது படம் எடுத்தாலும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். சுற்றிலும் மழமழவென்று வெள்ளைக் கோடு போட்ட மாதிரி விளிம்பு இருக்கும். புதிதாக உடைந்த துண்டுக்கு ஒரு பக்கமாவது அந்தக் கோடு இல்லாமல் முரடாக இருக்கும், அடிபட்ட கதையும் இருக்கும், வீக்கமும் இருக்கும்.

மூட்டுக்குள்ளே தனியாக உலவும் துண்டு என்பது வேறு. குருத்தெலும்பும் எலும்பும் உரிந்து விழுந்து திரவத்தில் அலைவது அது. இன்றைய படத்தில் ஓரிடம், அடுத்த மாதப் படத்தில் இன்னோரிடம் என்று மாறலாம். நடந்துகொண்டிருக்கும்போது கால் திடீரென்று பூட்டுப் போட்ட மாதிரி மாட்டிக்கொள்ளும், உதறினால் விடும். ஃபபெல்லா இருப்பவருக்கு அப்படிப் பூட்டிக்கொள்கிறது என்றால் ஃபபெல்லாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. உள்ளே வேறென்ன இருக்கிறது என்று தேட வேண்டும்.

அது வலி தருமா?

பெரும்பாலோருக்குத் தராது. அறுபது வயதில் வேறு எதற்கோ படம் எடுத்து, அப்போதுதான் முதல்முறையாக இந்தப் பெயரைக் கேள்விப்படுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் "ஒன்றுமே செய்யாது" என்று ஒரேயடியாக அடித்துச் சொல்வதும் தப்பு. சிலருக்கு அது வலி தரத்தான் செய்கிறது. அதற்கு ஃபபெல்லா சிண்ட்ரோம் என்று பெயர்.

வலி எங்கே என்று கேட்டால், உள்ளங்கையால் முழங்காலை மொத்தமாகத் தடவுகிறவர்களுக்குப் பெரும்பாலும் வேறு பிரச்சினை. ஃபபெல்லா வலிக்காரர் ஒரே விரலால் பின்பக்கம், வெளிப்புறம், ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுவார். காலை முழுசாக நீட்டும்போது சுருக்கென்று குத்தும், மடக்கினால் குறையும். இது ஏன் என்றால், நீட்டும்போது கெண்டைக்கால் தசைநாண் விறைத்து எலும்பைக் குமிழின் மேல் அழுத்துகிறது. மடக்கினால் தசைநாண் தளர்ந்து, அழுத்தமும் விட்டுப்போகிறது.

நான் பார்க்கும் முறை சாதாரணமானதுதான். குப்புறப் படுக்கச் சொல்லி, காலை நீட்டி வைத்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் குமிழின் மேல் மெதுவாக அழுத்துவேன். "ஆமாம், இதேதான்" என்று வழக்கமான வலி அப்படியே வந்தால் சந்தேகம் கூடும். அதே அழுத்தலை மற்றக் காலிலும் கொடுத்துப் பார்ப்பேன். அங்கே அழுத்தினால் எல்லோருக்குமே கொஞ்சம் கூசும் என்பதால் இந்த ஒப்பீடு முக்கியம். உறுதிப்படுத்த, டாக்டர் அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு வலி நிற்கிறதா என்று பார்ப்பதும் உண்டு.

முழங்காலுக்குப் பின்னால் வலி என்றால் வேறு என்னவாக இருக்கும்?

ஃபபெல்லாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் மற்றவர்களை விசாரிக்க வேண்டும். சவ்வு கிழிந்திருக்கலாம் (இங்கே சவ்வு என்பது மூட்டுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் பிறைவடிவக் குருத்தெலும்பு). தொடைப் பின்தசையின் தசைநாண் புண்பட்டிருக்கலாம். இடுப்பிலிருந்து இறங்கும் நரம்பு வலியாக இருக்கலாம். மடித்த இடத்தில் புளிப்பு மாங்காய் அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம், அதுவும் உட்பக்கமாக இருந்தால், அது பேக்கர் நீர்க்கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபபெல்லா பெரும்பாலும் வெளிப்பக்கம், கல் மாதிரி கெட்டி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கெண்டைக்கால் ஒன்று மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, இறுக்கமாக வலித்தால், அதுவும் நீண்ட பயணமோ ஆபரேஷனோ படுக்கையோ முடிந்த கையோடு வந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேய்த்துவிடவும் கூடாது.

நரம்பை அழுத்துமா?

அபூர்வமாக. கீழ்க்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு இறங்குகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கு ஆணை போவது அதன் வழியாகத்தான். அது ஃபபெல்லாவுக்குப் பக்கமாகவே வருவதால், எலும்பு பெரிதாக இருந்தால் அழுத்துவதற்கு இடமுண்டு. பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போவது, செருப்பு தானாகக் கழன்று விழுவது, நடக்கும்போது பாதம் தொங்கித் தரையில் தேய்வது ஆகியவை அறிகுறிகள். நெடுநேரம் குத்தவைத்து வேலை செய்பவர்களுக்கும் காலின் மேல் கால் போட்டு உட்காருபவர்களுக்கும் ஃபபெல்லா இல்லாமலேயே இந்த நரம்பு அழுந்துவது உண்டு. எதனால் வந்தாலும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டிய அறிகுறி இது.

வலி இருந்தால் என்ன சிகிச்சை? ஆபரேஷன் தேவையா?

முதலில் கொஞ்ச நாளைக்கு, காலைக் கடைசிவரை விறைப்பாக நீட்டி அழுத்தம் கொடுக்கும் வேலைகளைக் குறைக்க வேண்டும். ஓட்டம், இறக்கத்தில் வேக நடை இவையெல்லாம் கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும். வலி தாங்கும் அளவுக்குக் கெண்டைக்கால் தசையைத் தளர்த்தும் பயிற்சி, தொடைத் தசைகளுக்குப் பலம் கூட்டும் பயிற்சி, தேவைப்பட்டால் டாக்டர் தரும் வலிமாத்திரை. இங்கே ஒரு எச்சரிக்கை: சுவரைத் தள்ளிக்கொண்டு நின்று கெண்டைக்காலை இழுக்கிறோமே, அதை வெறியோடு செய்தால் எலும்பு இன்னும் அழுந்தும். சிலருக்கு அந்தப் பயிற்சியை நிறுத்தியதுமே பாதி வலி போய்விடும்.

இதற்கும் அடங்காவிட்டால் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி. மாதக்கணக்கில் எல்லாம் பார்த்தும் பயனில்லாமல், வலிக்குக் காரணம் அதுதான் என்பதும் உறுதியானால், எலும்பை எடுத்துவிடுவார்கள். சின்ன எலும்புதான், ஆனால் இருக்கும் இடம் விளையாட்டில்லை. முன் சொன்ன நரம்பு பக்கத்தில் ஓடுகிறது. ஃபபெல்லாவிலிருந்து ஃபிபுலாவின் தலைக்கு ஒரு நார் இறங்கி, முழங்காலின் பின்–வெளி மூலையைப் பிடித்து நிறுத்துவதில் பங்கு வகிக்கிறது. "எதற்கும் இருக்கட்டும், எடுத்துவிடலாம்" என்று செய்கிற ஆபரேஷன் இது இல்லை.

மூட்டுத் தேய்மானத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தேய்மானம் உள்ளவர்களிடம் ஃபபெல்லா கூடுதலாகக் காணப்படுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஃபபெல்லா தேய்மானத்தைக் கொண்டுவருகிறதா, மூட்டில் மாறிப்போன அழுத்தம் ஃபபெல்லாவைக் கெட்டிப்படுத்துகிறதா, இரண்டுமே வேறொன்றின் விளைவா என்பது முடிவாகாத விவகாரம். தேய்மானம் முற்றியவர்களுக்கு ஃபபெல்லாவின் ஓரத்திலும் எலும்பு முளைகள் வருவதுண்டு.

மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யப்போகிறவர்கள் இதைக் கேட்பார்கள். பொதுவாக ஃபபெல்லாவைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். அதன் பிறகு பின்பக்கம் "டக் டக்" என்று சொடுக்குச் சத்தமும் வலியும் வந்து, செயற்கை மூட்டின் உலோகத்தில் ஃபபெல்லா உரசுவது தெரிந்து, அதை எடுத்ததும் சரியான ஒருசில சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உங்களுக்கு இருப்பது தெரிந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சில்லு இரண்டாக இருக்கிறது என்கிறார்கள். எலும்பு முறிவா?

இது ஃபபெல்லாவைவிட அதிகக் குழப்பம் தருவது. சில்லு பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. 3 முதல் 6 வயதுக்குள் அதற்குள் எலும்பு தோன்ற ஆரம்பிக்கிறது, சில நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து. அவை ஒன்றுசேராமல் நின்றுவிட்டால் சில்லு இரண்டு துண்டாகவே வளர்ந்துவிடும், நடுவே குருத்தெலும்புப் பாலம் இருக்கும். ஏறக்குறைய 2 சதவீதம் பேருக்கு இப்படி உண்டு, ஆண்களிடம் அதிகம். ஸௌபே என்பவர் இதை மூன்று வகையாகப் பிரித்தார். சுமார் 75 சதவீதம் மேல்–வெளி மூலையில்தான் பிரிந்திருக்கும், 20 சதவீதம் வெளி ஓரம் முழுக்க, மீதி கீழ்நுனியில்.

பிளஸ் டூ படிக்கும் கபடிக்காரப் பையன் ஒருவன் வந்தான். மோதி விழுந்ததும் ஓரிடத்தில் படம் எடுத்து, சில்லு உடைந்துவிட்டது என்று ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டு பிரித்துப் படம் எடுத்தால் "உடைவு" அப்படியே இருந்தது. கூடாத எலும்பு என்று அடுத்து ஆபரேஷன் பேச்சு. நான் பழைய படத்தைப் பார்த்தேன். பிளவு மேல்–வெளி மூலையில் இருந்தது, ஓரம் கூழாங்கல் மாதிரி வழவழப்பாக இருந்தது. எலும்பு டாக்டர் ஒருவரிடம் அனுப்பினேன், அவர் மற்றக் காலையும் படம் எடுத்தார். அங்கேயும் அதே மூலையில் அதே பிளவு. பையனுக்கு மிச்சமிருந்தது ஆறு வாரக் கட்டில் சூம்பிப்போன தொடைதான். அதைத் தேற்ற எங்களுக்கு மூன்று மாதம் ஆனது.

மற்றக் காலில் இல்லை என்றால் உடனே முறிவு என்று முடிவு கட்டவும் கூடாது. ஒரு காலில் மட்டும் இப்படி இருப்பவர்களும் உண்டு. அடிபட்ட பிறகு அந்தக் குருத்தெலும்புப் பாலம் அதிர்ந்து நிஜமாகவே வலிப்பதும் உண்டு. சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுத்துவிடும்.

சில்லே இல்லாமல் பிறப்பவர்கள் உண்டா?

உண்டு, மிக அரிது. நகம்–சில்லு நோய்க்குறி என்று ஒன்று இருக்கிறது. எல்.எம்.எக்ஸ்.1பி என்ற மரபணுவில் கோளாறு. சில்லு இல்லாமலோ மிகச் சிறிதாகவோ இருக்கும், கட்டைவிரல் நகம் சரியாக வளர்ந்திருக்காது. சிலருக்குச் சிறுநீரகமும் கண்ணும் பாதிக்கப்படும் என்பதால், குழந்தைக்கு இரண்டும் சேர்ந்து தெரிந்தால் முழுப் பரிசோதனை அவசியம்.

முழங்காலில் வேறு குட்டி எலும்புகளும் வருமா?

வரும். பாப்லிடியஸ் என்ற பின்பக்கத்துச் சின்னத் தசையின் தசைநாணில் சயமெல்லா என்று ஒன்று. இதுவும் கிரேக்கத்தில் பயறுதான், பெயர் வைத்தவர்களுக்குச் சாப்பாட்டு ஞாபகம் போல. மனிதர்களுக்கு மிக அபூர்வம். ஃபபெல்லாவுக்குக் கொஞ்சம் கீழே, மூட்டு மடிப்பை ஒட்டித் தெரியும். கெண்டைக்கால் தசையின் உட்பக்கத் தலையிலும் எப்போதாவது ஒரு ஃபபெல்லா காணப்படும். பிறைவடிவச் சவ்வுக்குள்ளேயே ஒரு பொடி எலும்பு இருப்பதும் உண்டு, பெரும்பாலும் உட்பக்கச் சவ்வின் பின்கொம்பில். அது தசைநாணில் இல்லாததால் செசமாய்ட் கணக்கில் சேராது, ஆனால் எக்ஸ்ரேயில் உடைந்த துண்டு மாதிரியே ஏமாற்றும்.

இது கட்டியாக, புற்றுநோயாக மாறுமா?

இருக்கிற இடத்தில் இருக்கிற அளவில் இருந்துகொண்டிருக்கும் ஃபபெல்லாவைக் கண்டு அந்தப் பயமே வேண்டாம். வருடாவருடம் படம் எடுத்துக் கண்காணிக்கவும் தேவையில்லை.

எங்கள் நாய் நொண்டுகிறது என்று எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு ஃபபெல்லா தெரிகிறதே?

தெரிய வேண்டும். நாய்க்கு உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டுமே இயல்பு. பாப்லிடியஸ் தசையிலும் ஒன்று உண்டு. சில்லையும் சேர்த்தால் ஒரு பின்னங்காலின் முழங்காலில் நான்கு செசமாய்ட் எலும்பு. ராஜபாளையமோ தெருநாயோ, எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. மக்காக் வகைக் குரங்குகளுக்கும் இரண்டு பக்கமும் உண்டு, நம் கோயில் குரங்கு அந்த வகைதான். வேடிக்கை என்னவென்றால், நமக்கு நெருங்கிய உறவான சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் ஒராங்குட்டானுக்கும் இது காண்பதே அரிது. நம் வழியில் மட்டும் எப்படியோ மறுபடி எட்டிப்பார்த்திருக்கிறது.

நாய் நொண்டுவதற்குக் காரணம் முழங்காலின் உள்ளே குறுக்கு நார் அறுந்ததாக இருக்கலாம், நாய்களுக்கு அது அடிக்கடி வருகிற கோளாறு. கால்நடை மருத்துவர்கள் அதைச் சரிசெய்யும் ஒரு முறையில், கெட்டி நைலான் இழையை வெளிப்பக்க ஃபபெல்லாவைச் சுற்றிக் கொண்டுவந்து, கீழ்க்கால் எலும்பின் முன்பக்கம் மேலே போட்ட துளை வழியாக இழுத்துக் கட்டுவார்கள். இழையைச் சுற்றிக் கட்ட அங்கே வசதியான முளைக்குச்சி அதுதான்.